நகப்பூச்சு போட்ட நண்டுகள்

போன வாரம் கோவில்பத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். பையிலிருந்து நகப்பூச்சு பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஒரு விரலுக்குப் போடுவாள், பஸ் குலுங்கும், நிறுத்துவாள். மறுபடி போடுவாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாங்க ஆன்ட்டி?" என்றாள். "ஒன்னுமில்லம்மா, நீ போடு" என்றேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இந்த வாசனை வந்தால் எனக்கு நண்டு ஞாபகம் வரும் என்று பஸ்ஸில் முகம் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நீங்கள் இறங்கி ஓட முடியாது.

நான் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கல்யாண வீடுகளில் காய் நறுக்கப் போவேன். அங்கே பார்த்த ஒருவர் சொல்லித்தான் அந்த வேலை வந்தது. மண்டபத்தூர் கடற்கரையில் புயல் காப்பகம் ஒன்று உண்டு. புயல் வந்தால் சனங்கள் போய்த் தங்குகிற கட்டடம். புயல் இல்லாத நாளில் ஆடுதான் தங்கும். வெளியூர்க் கல்லூரி ஒன்று வெயில் கால லீவுக்கு அதைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, முகாம் நடத்தியது. உயிரியல் படிக்கிற பிள்ளைகள் பல ஊரிலிருந்தும் வருவார்கள். ஆளுக்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு லீவு முடியும்வரை ஆராய்ச்சி செய்வார்கள். அவர்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட வேண்டும். அது நான்.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடியும் வெள்ளைக் கோட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் ஒருவன் சேற்றை வாளியில் அள்ளிவந்து சல்லடையில் சலிக்கிறான். ஒருத்தி கிளிஞ்சலை அளக்கிறாள். கேரளத்துப் பையன் ஜிஜோ கடல்பாசியைத் துணி காயப்போடுகிற கொடியில் காயப்போட்டிருக்கிறான். வீட்டில் அம்மா திட்டுகிற வேலையெல்லாம் இங்கே படிப்பு. என் அடுப்படிக்கு அடுத்த அறையில்தான் அவர்களுடைய பாட்டில்கள். ஸ்பிரிட் வாடை. நான் பூண்டு உரித்தால் பூண்டு வாடை அங்கே போகும், ஸ்பிரிட் வாடை இங்கே வரும். ரசம் கொதிக்கும்போது மட்டும் என் பக்கம் ஜெயிக்கும்.

அந்த வருஷம் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி பரீதா, காரைக்கால் டவுன். வாய் ஓயாது. இன்னொருத்தி கலைவாணி, நெடுங்காடு. வாயே திறக்காது. எனக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்னையும் கலைவாணியையும் பேச வைத்தவள் பரீதாதான்.

கலைவாணி எடுத்துக்கொண்டது நண்டு. மணலில் வளை தோண்டிக்கொண்டு, ஆள் நிழல் பட்டதும் பறக்கிற மாதிரி ஓடுமே, அந்த வெள்ளை நண்டு. அது தன் வளையிலேயே குடியிருக்குமா, இல்லை கிடைத்த வளைக்குள் புகுந்துகொள்ளுமா, இதுதான் கேள்வி. கரையில் நாலு கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்து நண்டுக்கும் ஒரு நிறம் வைத்து, எந்த நிறம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தினம் விடியலில் பார்க்க வேண்டும். நிறத்துக்கு என்ன செய்வது? தண்ணீர் பட்டாலும் போகக்கூடாது.

பரீதா பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே வரிசையாக நகப்பூச்சு பாட்டில்கள். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

"துபாய்லேருந்து நானா வாங்கியாந்தாரு. போட்டா ஒளு சேராதுன்னு உம்மா தொட விட மாட்டேங்குது. நண்டு என்ன தொழுவவா போவுது? அதுங்களாச்சும் போட்டுக்கட்டும்."

நானா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுவதுதான் ஒளு. அப்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும், பூச்சு இருந்தால் படாது. அண்ணன் ஆசையாக வாங்கிவந்தது இப்படி நண்டுக்குப் போனது. கலைவாணி நண்டைக் குப்புற அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். பரீதா நாக்கைக் கடித்துக்கொண்டு பெரிய கொடுக்கில் பூச்சு வைப்பாள். காயட்டும் என்று ஊதுவாள். "அசையாத மச்சி, கோடு வெளிய போவுது பாரு." முதல் கட்டத்துக்கு சிவப்பு. அடுத்து நீலம், பச்சை, ரோஸ். நான் வாழ்க்கையில் நகப்பூச்சு போட்டதில்லை. நண்டைப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள், தெரியாத்தனமாக இல்லை, தெரிந்தேதான், நண்டுக் குழம்பு வைத்தேன். மலிவாகக் கிடைத்தது. பரீதா கரண்டியால் கிளறிப் பார்த்து, "அக்கா, இது எந்தக் கட்டத்து ஆளுக்கா?" என்றாள். கலைவாணி அன்றைக்கு மோர் ஊற்றிக்கொண்டாள்.

கலைவாணியின் அப்பா ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வருவார். நெல் போடுகிறவர். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விடவில்லை, வயலில் வேலை இல்லை. கரையில் நின்று மகள் செய்வதைப் பார்ப்பார். பிறகு என் அடுப்படி வாசலில் வந்து உட்காருவார்.

"பாத்தியா தங்கச்சி? வயல்ல வரப்பு பூரா ஓட்ட போட்டு தண்ணிய வடிச்சு வுட்டுடுது நண்டு. அத சாவடிக்க நான் மருந்து வைக்கிறேன். எம் மவ அதுக்கு நகப்பூச்சு வைக்கிறா."

"ம்" என்றேன்.

"மேல படிக்கணும்ங்குறா. கடல் படிப்பு. எங்கயோ தூரத்துல. நான் சொல்லிட்டேன். இந்த லீவு முடியட்டும். இதுல ஏதோ இருக்குன்னு எனக்குத் தோணுனா போ. இல்லேன்னா பி.எட். சேந்து டீச்சராயிடு."

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். உள்ளேயிருந்து கலைவாணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு அவள் கட்டத்தருகே போய் மணலில் குந்தியவள், வெயில் ஏறியும் வரவில்லை. ஒரு லீவுக்குள் அப்பாவுக்குத் தோன்ற வேண்டும். நண்டை வைத்துக்கொண்டு.

கட்டத்தைச் சுற்றி அடையாளத்துக்கு முதலில் பிளாஸ்டிக் கொடி நட்டிருந்தார்கள். காற்றில் பாதி போனது, கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் ஸ்டம்புக்குப் பாதி எடுத்துப்போனார்கள். முகாம் நடத்துகிற சார், "பிளாஸ்டிக் வேணாம், துணியா கட்டும்மா. தூரத்துல வரும்போதே தெரியணும்" என்றார். கலைவாணி வீட்டிலிருந்து அவள் அம்மாவின் பழைய மஞ்சள் புடவையைக் கொண்டுவந்து கிழித்தாள். குச்சிக்குக் காப்பகத்துக்குப் பின்னால் நின்ற வேம்பில் கிளை ஒடித்தோம். நானும்தான் ஒடித்தேன். இலையை உருவக்கூட இல்லை. நட்டு முடித்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது.

வைகாசி மாதம். வேப்பங்கிளை. மஞ்சள் துணி. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு அது தோன்றவில்லை. ஜிஜோவுக்குத் தோன்றாததில் தப்பில்லை. எங்களைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும். சனங்களுக்கு வேலை இல்லை, கையில் நேரம் நிறைய. தடை முடிந்து கடலுக்கு இறங்கும்போது நல்லபடி கிடைக்கவேண்டுமே என்ற நினைப்பு மட்டும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் கலைவாணி கரைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தாள். "அக்கா, வாங்கக்கா." அவ்வளவுதான் சொன்னாள். போய்ப் பார்த்தேன்.

முதல் கட்டம், அந்தச் சிவப்புக் கட்டம், சுத்தமாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. நடுவில் கோலம். கோலத்து மேல் உடைத்த தேங்காய் மூடிகள், எலுமிச்சம்பழம், குங்குமம். ஒரு வளைகூடத் தெரியவில்லை. எல்லாம் மூடிப்போயிருந்தது. மீன் விற்கிற அஞ்சலையம்மாவும் இன்னும் சில பெண்களும் சூடம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலைவாணி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சலையம்மா எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க. செருப்ப அங்க வுட்டுட்டு வாங்க" என்றாள். "யாரோ ஆத்தாவுக்கு எல்லை கட்டியிருக்காங்க. நாங்க பாத்துகிட்டு சும்மா இருக்க முடியுமா? நேத்து இங்கன நின்னு கும்புட்டேன். கையில குங்குமத்தோட ஒரு நண்டு வந்து எம் முன்னாடி நின்னுச்சு. சத்தியமா சொல்றேன், செவசெவன்னு கை. நின்னு என்னையவே பாத்துச்சு."

பரீதா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

நான் செருப்பைக் கழற்றி வைத்தேன். வாயே திறக்காத கலைவாணி எழுந்தாள். மணலைத் தட்டிவிட்டாள்.

"அஞ்சலையம்மா, அது நான் கட்டுனதுங்க. எங்கம்மா பொடவை. அந்த நண்டுக்கு நாங்கதான் செவப்பு வச்சோம். என் படிப்புக்கு."

சூடம் மட்டும் எரிந்தது. ஒருத்தி, "சாமி விஷயத்துல வெளையாடுறீங்களாடி?" என்று கிளம்பினாள். அஞ்சலையம்மா அவளைக் கையமர்த்தினாள். கலைவாணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நண்டுக்கு நகப்பூச்சு வைக்கிறதா படிப்பு?"

"ஆமாங்க."

"அடிப் பாவி மவளே" என்றாள் அஞ்சலையம்மா. அப்புறம் சிரித்தாள் பாருங்கள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். திட்டினவளும் சிரித்தாள். பரீதா அதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரி மணலில் விழுந்து புரண்டாள்.

ஆனால் சிரித்து முடித்தபின் அஞ்சலையம்மா சொன்னாள்: "தெரியாமதான் செஞ்சோம். ஆனா எம் மவன் மொதமொதலா சொந்த போட்டுல எறங்கப்போறான். அவனுக்காக இங்கன வேண்டிகிட்டேன். வேண்டுனது வேண்டுனதுதான். அடுத்த வெள்ளிக்கு கூழு ஊத்துறதா சொல்லியிருக்கேன். என்ன பண்ணலாம் சொல்லு பாப்பா."

இரண்டு பேருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். ஒருத்திக்குப் படிப்பு, ஒருத்திக்கு மகன். அந்த மணலிலேயே உட்கார்ந்து பேசினார்கள். பூசையெல்லாம் குச்சிக்கு வெளியே. பெருக்குவது கூடாது, தண்ணீர் தெளிப்பது கூடாது. கூழ்ப்பானை தள்ளி நிற்க வேண்டும். போட்ட தேங்காயை எடுக்கக்கூடாது, அது அம்மனுக்குப் போட்டது. அந்த ஒன்றில் மட்டும் அஞ்சலையம்மா அசையவில்லை. கலைவாணி, "சரிங்க, கெடக்கட்டும்" என்றாள்.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டத்துக்கு வந்த மரியாதை எந்தக் கட்டத்துக்கும் இல்லை. கிரிக்கெட் பந்து அந்தப் பக்கம் போனால் அவுட். நாய் வந்தால் நாலு பெண்கள் கல் எடுப்பார்கள். அதற்கு முன்பெல்லாம் நாய்தான் பெரிய தொல்லை, வளையைத் தோண்டி நண்டைத் தின்றுவிடும். ஜிஜோ அடுப்படிக்கு வந்து தன் தமிழில், "சேச்சி, மஞ்ச துணி பாக்கி உண்டோ?" என்று கேட்டான். அவனுடைய பாசிக்குக் கட்ட. அந்த வாரத்தில் கரை முழுக்க மஞ்சள் கொடி. மண்டபத்தூரில் அவ்வளவு அம்மன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் நண்டு? அது தேங்காயைக் கண்டுபிடித்துவிட்டது. பூசை நடந்த மறுநாளே சிவப்புக் கட்டத்தில் நீலக்கை, பச்சைக்கை, ரோஸ்கை எல்லாம் கூடிவிட்டன. பந்தி மாதிரி. கலைவாணி முகம் விழுந்துவிட்டது. ஆளாளுக்குத் தன் வளையில் இருக்கும், அதைக் காட்டலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "எல்லாம் போச்சுக்கா. அப்பாகிட்ட என்னத்தக் காட்டுறது? தேங்கா தின்னுச்சுன்னா?"

சாரிடம் போனாள். சார் தலையைச் சொறிந்தார். ரொம்ப நேரம் சொறிந்தார். பிறகு, "அம்மன் வந்ததையும் சேத்து எழுதிக்கம்மா" என்றார். அவருக்கும் அப்போது வேறு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் விடவில்லை. தினம் போனாள். கூழ் ஊற்றிய வெள்ளியன்றும் போனாள். அஞ்சலையம்மா அவளுக்கு முதல் சொம்பு கொடுத்தாள். தேங்காய் தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது. சில நண்டு தன் கட்டத்துக்கே திரும்பிப் போனது. சிலது சிவப்புக் கட்டத்திலேயே தங்கிவிட்டது. தங்கினது எங்கே என்று பார்த்தாள். முன்னால் நாய் பிடித்துத் தின்றதே, அந்த நண்டுகளின் காலி வளைகள் இருந்த இடத்தில். நீலக்கை ஒன்று, சிவப்புக்கை குடியிருந்த வளையைத் திரும்பத் தோண்டிக்கொண்டு சொந்த வீடு மாதிரி நின்றது. அன்றைக்கு அவள் ஓடிவந்த ஓட்டம் வேறு மாதிரி. "அக்கா, காலி வீட்டுக்குக் குடி வந்துடுச்சுக்கா!" நான் அப்போது வடை தட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன வேகத்தில் ஒரு வடை ஓட்டை இல்லாமலே எண்ணெயில் விழுந்தது.

லீவின் கடைசி நாள், எல்லோரும் தாங்கள் பார்த்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும். காப்பகத்துக் கூடத்தில் பாய் விரித்தோம். கலைவாணியின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். அஞ்சலையம்மா தலையில் பூவோடு, நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "எங்க கட்டத்தப் பத்திப் பேசுறாங்க, நாங்க வராமயா?"

கலைவாணி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அஞ்சலையம்மா குறுக்கே, "பாப்பா, எங்களுக்கும் புரியுற மாரி சொல்லு" என்றாள். கலைவாணி சாரைப் பார்த்தாள். சார் தலையாட்டினார். அப்புறம் தமிழில் வந்தது. கட்டம், நிறம், பூசை, தேங்காய், காலி வளை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். தேங்காய் இடத்தில் கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் கையில் டீத் தட்டோடு அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். டீ ஆறிவிட்டது.

அவள் முடித்தாள். சார், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். பின்னால் கலைவாணியின் அப்பா எழுந்தார்.

"எனக்கு ஒன்னு இருக்கு."

"சொல்லுங்க" என்றார் சார்.

"ஒங்ககிட்ட இல்லீங்க. அதுகிட்ட." மகளைப் பார்த்தார். "வருசா வருசம் வரப்புல மருந்து வைக்கிறேன். நண்டு செத்துப்போவுது. கொஞ்ச நாள்ல அதே வளையில நண்டு நிக்கிது. மருந்துக்காரன்தான் ஏமாத்துறான்னு இவ்ளோ நாளா அவன வைஞ்சுகிட்டு இருக்கேன். நீ சொல்றதப் பாத்தா, அது பக்கத்து வயல் நண்டா?"

கலைவாணி அவர் பக்கம் திரும்பினாள்.

"தெரியலப்பா. இது கடல் நண்டு, அது வேற. அத யாராச்சும் வயல்லயே உக்காந்து பாத்தாதான் தெரியும்."

"நீ பாரேன்."

"அதுக்கு மேல படிக்கணும்ப்பா."

"படின்னுதான சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அஞ்சலையம்மா குலவை போட்டாள். அவள் போட்டதும் கூட வந்த பெண்கள் எல்லோரும் போட்டார்கள். சிமெண்டுக் கூடம், காது அடைத்துவிட்டது. பரீதா ஓடிப்போய் கலைவாணியைக் கட்டிக்கொண்டாள். ஜிஜோவும் குலவை போட்டுப் பார்த்தான், வரவில்லை. நான் எல்லோருக்கும் ஆறின டீயையே கொடுத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

கலைவாணி போனாள், படித்தாள். அப்பா கேட்ட கேள்விக்கு அவருடைய வயலிலேயே உட்கார்ந்து பதில் பார்த்தாள். பக்கத்து வயல் நண்டுதான் என்று ஆயிற்று. அவள் அப்பா அதை டீக்கடையிலும் உர டிப்போவிலும் சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம். அஞ்சலையம்மாவின் மகனுக்கும் கடல் கொடுத்தது. அது நண்டினாலா கூழினாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முகாம் அப்புறம் சில வருஷம் நடந்தது. சார் மாற்றலாகிப் போனார். வேறு யாரும் எடுத்து நடத்தவில்லை. காப்பகத்தைப் பூட்டிவிட்டார்கள். நெடுங்காட்டில் கலைவாணி அப்பாவின் வயலுக்குப் பக்கத்து வயல் மனை போட்டு விற்றாகிவிட்டது. வரப்பையெல்லாம் சமப்படுத்தி மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். அவர் வரப்புக்கு இப்போது வெளியிலிருந்து நண்டு வருவதில்லை. மருந்து வாங்குகிற செலவு மிச்சம் என்கிறார். சொல்லிவிட்டு அந்த மஞ்சள் கல்லைப் பார்ப்பார்.

மண்டபத்தூர்க் கரைக்கும் போயிருந்தேன். கடல் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் கட்டம் போட்ட மணல் முழுக்க அதற்குள் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற பெரிய பெரிய கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். கல்லில் யார் வளை தோண்ட முடியும்? கொஞ்ச நேரம் நின்றேன். அலை வந்து கல்லில் அடித்துவிட்டு, நுழைய இடமில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.